கடிதம் வருகிறது, போகவில்லை: அவுட்பொக்ஸில் சிக்கிய மின்னஞ்சலை எங்கிருந்து தேடுவது

மே மாதம் பிறந்துவிட்டால் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி நடத்துகிறவர்களுக்கு நாள் தவறாமல் அறை கேட்டு மின்னஞ்சல் வரும். பதில் எழுதி 'சென்ட்' அழுத்தியாயிற்று. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பதில் அவுட்பொக்ஸிலேயே கிடக்கிறது. கேட்டவர் இதற்குள் பாசிக்குடாவில் அறை பிடித்திருப்பார். திருகோணமலை நகரத்துச் சிறு கந்தோர்களிலும், வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும் பாடசாலைகளிலும் நடப்பது இதுதான். புதிய கடிதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 'மெயில் வேலை செய்யுதுதானே' என்று விட்டுவிடுகிறார்கள்.

வருவது ஒரு வேலை, போவது வேறொரு வேலை. தபால்காரர் வீட்டு வாசலில் கடிதம் தந்துவிட்டுப் போவதையும், நீங்கள் தபால் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று பதிவுத் தபால் கொடுப்பதையும் நினைத்துப் பாருங்கள். மின்னஞ்சலிலும் அப்படித்தான். கடிதத்தை எடுத்துவருவது ஐமெப் அல்லது பொப் என்ற முறை. அவை பெரும்பாலும் 993, 995 என்ற போர்ட்டுகளில் ஓடும் (போர்ட் என்பது மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியான சேர்வரில் உள்ள இலக்கமிட்ட வாசல்). அனுப்புவது எஸ்.எம்.ரி.பி. என்ற வேறு முறை. அதற்கு 465 அல்லது 587. சேர்வரின் பெயர் வேறாக இருக்கலாம். கடவுச்சொல்லைக்கூட தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் புரோகிராம்கள் இரண்டு இடத்தில் தனித்தனியாகச் சேமித்து வைக்கின்றன. ஆகவே வருகிற பக்கம் சரியாக இருப்பது, போகிற பக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

அனுப்பும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது. புரோகிராம் முதலில் சேர்வரின் பெயரை வைத்து, இணையத்தில் அதன் முகவரியான ஐ.பி. இலக்கத்தைத் தேடும். பிறகு குறித்த போர்ட்டில் தட்டும். சேர்வர் 220 என்று சொல்லி வரவேற்கும். புரோகிராம் தன் பெயரைச் சொல்லும், 250 என்று பதில் வரும். உரையாடலுக்கு மறையாக்க உறை போடப்படும் (465 போர்ட்டில் இந்த உறை எல்லாவற்றுக்கும் முந்தியே வந்துவிடும்). பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போகும், சரியென்றால் 235. அனுப்புகிறவர் முகவரிக்கு ஒரு 250, பெறுகிறவர் முகவரிக்கு ஒரு 250. 'இனிக் கடிதத்தைத் தா' என்பதற்கு 354. கடிதம் முழுக்கப் போய், கடைசி வரியில் ஒரு புள்ளி மட்டும் வரும். அதற்கும் 250 கிடைத்தால்தான் கடிதம் ஏற்கப்பட்டதாகக் கணக்கு. 1982 ஓகஸ்ட்டில் ஜோன் போஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் எழுதிவைத்த ஒழுங்கு இது. பூட்டும் உறையும் பின்னால் வந்து சேர்ந்தவை, எலும்புக்கூடு அன்றையதுதான்.

இந்தப் படிகளில் எதில் நின்றது என்று தெரியாமல் செட்டிங்ஸில் கைவைக்காதீர்கள். ஒன்றை மாற்றி, சரிவராமல் இன்னொன்றை மாற்றி, கடைசியில் முதலில் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். பிழை என்று ஒரு பெட்டி திறந்தால் 'ஓகே' அழுத்த முன் போனில் படம் எடுத்து வையுங்கள். அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, கொஞ்ச நேரம் கழித்து முயலலாம். 5இல் தொடங்கினால் சேர்வர் தீர்மானமாக மறுத்துவிட்டது, நூறு தரம் அழுத்தினாலும் அதே பதில்தான். எண்ணே இல்லாமல் 'தொடர்புகொள்ள முடியவில்லை', 'நேரம் கடந்துவிட்டது' என்று வந்தால் உரையாடல் தொடங்கவே இல்லை, அல்லது நடுவில் அறுந்துவிட்டது. பழைய அவுட்லுக்கில் 80042109 என்று முடியும் நீண்ட எண் வந்தால் அதற்கும் இதுதான் பொருள்: அனுப்பும் சேர்வரை எட்டவே முடியவில்லை.

அடுத்து இரண்டு சோதனைகள். முதலாவது, அதே கணக்கை பிரவுசரில் திறந்து உங்களுக்கே ஒரு வரி அனுப்புங்கள். போனால் கணக்கு நலம், கோளாறு கணினியிலோ வழியிலோ இருக்கிறது. போகாவிட்டால் புரோகிராமைத் தொட வேண்டாம். கணக்கே பூட்டப்பட்டிருக்கலாம், இடம் நிறைந்திருக்கலாம். கூகிள் தரும் இலவச 15 ஜி.பி. ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். போனிலிருந்து கல்யாண வீட்டு வீடியோக்கள் தானாக ஏறி இடத்தை நிரப்பிவிட்டால் மின்னஞ்சலும் நின்றுவிடும். இரண்டாவது சோதனை, கணினியை வீட்டு ரவுட்டரிலிருந்து கழற்றி போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து அதே கடிதத்தை அனுப்பிப் பாருங்கள். ஹொட்ஸ்பொட்டில் போய் ரவுட்டரில் போகாவிட்டால் கடவுச்சொல்லில் குறையில்லை, வழியில்தான் அடைப்பு. இந்த இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும். கணக்கை அழித்து மறுபடி சேர்ப்பதைவிட எவ்வளவோ மேல். பொப் முறையில் இருக்கும் கணக்கை அவசரப்பட்டு அழித்தால் பழைய கடிதங்களும் சேர்ந்து போய்விடக்கூடும்.

இனி ஒவ்வொரு படியாக.

மிகச் சின்னதை முதலில் பார்த்துவிடுவோம். கரண்ட் போய் வந்த பிறகு, அல்லது ரவுட்டர் நின்ற நேரத்தில் யாரோ கைபட்டு, புரோகிராம் 'ஒஃப்லைன்' நிலைக்குப் போயிருக்கும். அவுட்லுக்கில் 'சென்ட் ரிசீவ்' பகுதியில் 'வேர்க் ஒஃப்லைன்' பொத்தான் அழுந்தியிருக்கிறதா, தண்டர்பேர்டில் இடது கீழ் மூலையில் இருக்கும் சின்னம் துண்டித்த நிலையைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

சேர்வர் பெயரில் பிழை என்றால் 'சேர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வரும். எழுத்துப் பிழை, பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளி, இல்லாவிட்டால் ரவுட்டர் பாவிக்கும் டி.என்.எஸ். (பெயருக்கு உரிய ஐ.பி. இலக்கத்தைத் தேடித் தரும் சேவை) மக்கர் பண்ணுகிறது. 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கணினியில் டி.என்.எஸ். இலக்கத்தை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போர்ட் என்ற படி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. துறைமுக ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கவைப்பது சுலபம்: எண்ணெய்க் கப்பல் ஒரு இறங்குதுறையில் கட்டும், கோதுமைக் கப்பல் வேறொன்றில். பழைய நாளில் அனுப்புவதற்கு இருந்தது 25ஆம் போர்ட் ஒன்றுதான். கடவுச்சொல் எதுவும் கேளாத அந்த வாசலால் வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பைக் கடிதங்களைக் கொட்டத் தொடங்கியதும், உலகெங்கும் இணைப்பு வழங்குநர்கள் வீட்டு இணைப்புகளில் அதை அடைக்கத் தொடங்கினார்கள். இன்று 25 என்பது சேர்வரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் வாசல். நம்மைப் போன்ற பயனர்களுக்காக 587ஐ 1998இல் ஒதுக்கினார்கள். 465ஐ ஒரு காலம் ஒதுக்கி, பிறகு விலக்கி, 2018இல் மறுபடி பரிந்துரைத்தார்கள். ஆனால் பழைய அவுட்லுக்கில் கையால் கணக்குச் சேர்த்தால் அனுப்பும் போர்ட் 25 என்றே நிரப்பப்பட்டிருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க விண்டோஸில் ஒரு நல்ல வழி உண்டு. பவர்ஷெல்லைத் திறந்து, ஆங்கிலத்தில் ரி, என், சி என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, சேர்வர் பெயர், ஒரு இடைவெளி, சிறு கோடும் அதோடு ஒட்டியபடி போர்ட் என்ற சொல்லும், இன்னொரு இடைவெளி, 587 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' என்று வந்தால் வாசல் திறந்திருக்கிறது. 'ஃபோல்ஸ்' வந்தால் 465ஐயும் பாருங்கள். இரண்டும் மூடியிருந்து, ஹொட்ஸ்பொட்டில் இரண்டும் திறந்தால், ரவுட்டரின் ஃபயர்வோல் அல்லது அந்த இணைப்பில் உள்ள தடை. எந்த இணைப்பிலும் திறக்காவிட்டால் கணினியில் உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சந்தேகியுங்கள். பல வைரஸ் தடுப்புகளில் 'மெயில் ஷீல்ட்' என்று ஒரு பகுதி இருக்கும். அது நடுவில் நின்று கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சேர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழுக்குப் பதிலாகத் தன் சான்றிதழை நீட்டும். அதை நம்ப மறுத்து மின்னஞ்சல் புரோகிராம் இணைப்பை முறித்துக்கொள்ளும். அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தி ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். முழு வைரஸ் தடுப்பையும் கழற்ற வேண்டியதில்லை.

இணைப்பை மாற்றிய வீடுகளில் இன்னொன்று நடக்கும். பல வருடங்களுக்கு முன் கணக்கு அமைத்தவர், அனுப்பும் சேர்வராக அந்நாளைய இணைப்பு வழங்குநரின் சேர்வரைப் போட்டிருப்பார். அது தன் வலையமைப்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கடவுச்சொல் கேளாமல் கடிதம் எடுக்கும். நீங்கள் வேறு நிறுவனத்தின் ஃபைபருக்கோ டொங்கிளுக்கோ மாறிய அன்றே அது கதவைச் சாத்திவிடும். ஐமெப் தொடர்ந்து வேலை செய்யும். இதற்கு ஒரே மருந்து, உங்கள் மின்னஞ்சல் கணக்கு எந்த நிறுவனத்திடம் இருக்கிறதோ அதன் அனுப்பும் சேர்வரையே போடுவது.

போர்ட்டும் உறையும் சோடியாகச் சேர வேண்டும். செட்டிங்ஸில் உறையின் பெயர், 465 என்றால் 'எஸ்.எஸ்.எல்./ரி.எல்.எஸ்.', 587 என்றால் 'ஸ்டார்ட் ரி.எல்.எஸ்.'. மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துவைத்தால் பார்த்த உடனே பிடித்துவிடலாம். 465இல் ஸ்டார்ட் ரி.எல்.எஸ். போட்டிருந்தால், சேர்வர் 220 சொல்லட்டும் என்று புரோகிராம் காத்திருக்கும். முதலில் உறையைப் போடு என்று சேர்வர் காத்திருக்கும். இரண்டும் வாய் திறக்காது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்து 'நேரம் கடந்துவிட்டது' என்று முடியும். மறுபக்கம், 587இல் எஸ்.எஸ்.எல். போட்டிருந்தால் காத்திருப்பே இருக்காது. உறைக்கான பேச்சைத் தொடங்கிய புரோகிராமுக்குச் சேர்வரின் வெறும் 220 வந்து விழ, உடனே பிழை என்று முறியும். உறையே போடாமல் போனால் பல சேர்வர்கள் 530 என்று சொல்லி, முதலில் ஸ்டார்ட் ரி.எல்.எஸ். செய் என்று திருப்பிவிடும். ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன்: பழைய அவுட்லுக்கில் 'எஸ்.எஸ்.எல்.' என்றும் 'ரி.எல்.எஸ்.' என்றும் இரண்டு தெரிவுகள் தனித்தனியாக இருக்கும். அங்கே 'ரி.எல்.எஸ்.' என்பதுதான் ஸ்டார்ட் ரி.எல்.எஸ்., அது 587க்கு உரியது.

உறை போடும் படியில் நம் ஊருக்கே உரிய ஒரு காரணம் உண்டு. பழைய மேசைக் கணினியில் திகதியைக் காப்பது தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பற்றரி. அது இறந்துவிட்டால் பிளக் கழற்றிய ஒவ்வொரு தரமும், மாரி காலத்து மின்வெட்டுக்குப் பிறகும், கணினி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போய் நிற்கும். சேர்வரின் சான்றிதழ் 'இன்னும் பிறக்கவில்லை' என்று கணினி எண்ணும், உறை போட மறுக்கும். பிரவுசரிலும் பாதுகாப்பு எச்சரிக்கைகள் வரிசையாக வந்தால் முதலில் வலது கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். நேர வலயம் 5:30 கூட்டலில், ஸ்ரீ ஜயவர்தனபுர என்பதில் இருக்க வேண்டும். இணைய நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்லி அழுத்தினால் அன்றைக்குச் சரியாகிவிடும், அடுத்த மின்வெட்டில் மறுபடி போகும். பற்றரியை மாற்றுவதுதான் தீர்வு. கணினியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பக்கத்துக் கொழுக்கியை மெல்லத் தள்ளினால் பற்றரி எழும். புதியதை எழுத்துள்ள கூட்டல் பக்கம் மேலே தெரிய வையுங்கள். கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்றால் கொழுக்கியில் பச்சை பிடித்திருக்கும். அதைத் துடைக்காமல் வைத்தால் புதிய பற்றரியும் வேலை செய்யாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சி போதும், தண்ணீர் வேண்டாம். மடிக்கணினிகளில் இது வேறு வகை, வயரோடு வரும். அதை விற்பனைக் கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

திகதி சரியாக இருந்தும் உறை விழாவிட்டால் கணினியின் வயதைப் பாருங்கள். ரி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டையும் 2021இல் முறைப்படி ஓய்வில் விட்டாயிற்று, பெரும்பாலான சேர்வர்கள் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் உள்ள அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இனி எந்த முக்கியச் சேர்வரிலும் அனுப்பாது. விண்டோஸ் 7இல் அவுட்லுக் 2010 வைத்திருப்பவர்களுக்கும் 1.2 தானாக இயங்காது. விண்டோஸ் லைவ் மெயில் 2017 ஜனவரியோடு கைவிடப்பட்டது. இவற்றை ஒட்டுப்போட்டு ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்டர்பேர்ட் இலவசம், விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பின்னையதில் போட்டு ஐமெப் கணக்கை இணைத்தால் கடிதங்கள் தானாக இறங்கிவிடும்.

இனி 535. வேறு எந்த எண்ணையும்விட அதிகமாக வருவது இதுதான்: பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. கடவுச்சொல் சரி என்று சத்தியம் பண்ணுவார்கள், அதுவும் உண்மையாக இருக்கும். ஜிமெயிலில் சாதாரணக் கடவுச்சொல்லை வைத்து வெளிப் புரோகிராம்கள் நுழைவதை கூகிள் 2022 மே 30இலிருந்து தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டது. இப்போது இரண்டு வழிதான். ஒன்று 'ஓஓத் 2': புரோகிராம் கூகிளின் பக்கத்தைத் திறக்கும், நீங்கள் அங்கே நேரடியாக நுழைந்து அனுமதி கொடுப்பீர்கள். தண்டர்பேர்டில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' போய், பட்டியலின் அடியில் உள்ள 'அவுட்கோயிங் சேர்வர்' பகுதியில் ஜிமெயிலைத் தெரிவுசெய்து 'எடிட்' அழுத்தி, 'ஓதென்டிகேஷன் மெதட்' என்பதை 'நோர்மல் பாஸ்வேர்ட்' இலிருந்து 'ஓஓத் 2'க்கு மாற்ற வேண்டும். ஐமெப் பக்கம் மாற்றியவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுவதால்தான் கடிதம் வந்தும் போகாமல் நிற்கிறது. நுழைவுப் பக்கம் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டின் அந்தரங்கச் செட்டிங்ஸில் குக்கீகள் தடுக்கப்பட்டிருக்கும், அதைத் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, ஓஓத் தெரியாத பழைய புரோகிராம்களுக்கு: 'அப் பாஸ்வேர்ட்'. கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரட்டைச் சரிபார்ப்பை முதலில் இயக்க வேண்டும். அதற்குப் பிறகே இது கிடைக்கும். நான்கு நான்காகப் பிரித்த 16 எழுத்துகள் தருவார்கள். அதைப் புரோகிராமில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் போடுங்கள். ஒருமுறைதான் காட்டும். பிறகு எப்போதாவது கூகிள் கணக்கின் பிரதான கடவுச்சொல்லை மாற்றினால் இந்த 16 எழுத்துகளும் செல்லாமல் போகும். நேற்றுவரை போன கடிதம் இன்று போகவில்லை என்றால் வீட்டில் யாராவது கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று கேளுங்கள். 535க்குப் பதில் 534 வந்தால், அப் பாஸ்வேர்ட் போடு என்று ஜிமெயில் நேரடியாகவே சொல்கிறது.

ஹொட்மெயில், அவுட்லுக்.கொம் கணக்குகளில் மைக்ரோசொப்ட் 2024 செப்டம்பர் 16இல் வெறும் கடவுச்சொல் முறையை நிறுத்தியது. அங்கே போர்ட் 587, ஸ்டார்ட் ரி.எல்.எஸ்., ஓஓத் 2 என்ற மூன்றும் சேர வேண்டும்.

சொந்த டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர்) வைத்திருக்கும் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் வேறு விதம். இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் வாடகைக்கு வைத்திருக்கும் சிபனல் வகை ஹொஸ்டிங்கில் பயனர் பெயர் என்பது முழு மின்னஞ்சல் முகவரி. அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் போட்டால் 535. இங்கே ஒரு பொறி உண்டு. கந்தோர்க் கணினியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அலமாரியில் கிடக்கும் பழைய போனில் மாற்றாமல் விட்டிருப்பீர்கள். அந்தப் போன் சில நிமிடத்துக்கு ஒருமுறை பழைய கடவுச்சொல்லோடு தட்டிக்கொண்டே இருக்கும். ஹொஸ்டிங் சேர்வர் இதைத் திருட்டு முயற்சி என்று எண்ணி உங்கள் இணைப்பின் ஐ.பி. இலக்கத்தையே அடைத்துவிடும். அப்போது மின்னஞ்சல் மட்டுமல்ல, உங்கள் இணையத்தளமே கந்தோரிலிருந்து திறக்காது. போனின் டேட்டாவில் திறக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் வேறு எதையும் தேடாதீர்கள். பழைய போனில் கணக்கை நீக்குங்கள், பிறகு ரவுட்டரை நிறுத்திப் போட்டுப் புதிய ஐ.பி. கிடைக்கிறதா பாருங்கள், கிடைக்காவிட்டால் ஹொஸ்டிங் நிறுவனத்திடம் தடையை நீக்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்றி முதலில் தடையை நீக்கினால் பின்னேரத்துக்குள் மறுபடி அடைபடும்.

கடவுச்சொல்லைச் சரியாகப் போட்ட பிறகும் தண்டர்பேர்ட் பழையதையே அனுப்பினால், செட்டிங்ஸில் 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' பட்டியலைத் திறந்து எஸ்.எம்.ரி.பி. என்று தொடங்கும் வரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். அது புதிதாகக் கேட்கும்.

சில நேரம் கடவுச்சொல் கேட்கப்படுவதே இல்லை. உள்ளூரில் உங்கள் டொமைனுக்குள் அனுப்பினால் போகும், ஜிமெயில்காரருக்கு அனுப்பினால் 550, 'ரிலே' (வெளி முகவரிக்குக் கடத்திவிடுவது) அனுமதி இல்லை என்று வரும். அவுட்லுக்கில் 'மோர் செட்டிங்ஸ்' உள்ளே 'அவுட்கோயிங் சேர்வர்' தாவலில், அனுப்பும் சேர்வருக்கு அடையாளம் தேவை என்ற சதுரத்தில் சரி போட்டிருக்க மாட்டார்கள். போட்டு, உள்வரும் சேர்வரின் அதே விபரங்களைப் பாவி என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 553 வந்தால், அல்லது 550 வந்து அனுப்புகிறவர் முகவரியைக் குறை சொன்னால், நீங்கள் நுழைந்த கணக்கு ஒன்று, 'ஃப்ரம்' வரியில் உள்ள முகவரி வேறொன்று. 550 வந்து பெறுகிறவரைக் குறை சொன்னால் முகவரியைத்தான் பாருங்கள். டொட் எல்.கே. என்று முடிய வேண்டியதை டொட் கொம் என்று ஒருமுறை அடித்துவிட்டால் புரோகிராம் அதை நினைவில் வைத்து ஒவ்வொரு தரமும் நீட்டும். அந்தப் பரிந்துரையை நீக்குங்கள்.

கடிதம் அவுட்பொக்ஸை விட்டுப் போய், சில நிமிடத்தில் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் திரும்பி வந்தால் அது வேறு நோய். உங்கள் புரோகிராம் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, மறுகரையில் உள்ள சேர்வர்தான் மறுத்திருக்கிறது. திரும்பிய கடிதத்தில் 5.7.26 என்று இருந்தால் உங்கள் டொமைனுக்கு எஸ்.பி.எஃப். (எந்தச் சேர்வர்கள் அதன் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டி.கிம் (கடிதத்தில் இடும் டிஜிட்டல் முத்திரை) பதிவுகள் இல்லை அல்லது பிழை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரிடமும் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், நாளுக்கு 5,000 அளவில் அனுப்புகிறவர்களிடம் இரண்டும், இவற்றில் தவறும் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் சேர்ந்து வேண்டும். இவை டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில் எழுதப்படுபவை, அவுட்லுக்கில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. எஸ்.பி.எஃப். ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். ஹொஸ்டிங்காரர் போட்டதையும் கூகிளுக்காக நீங்கள் போட்டதையும் இரண்டு வரியாக விட்டால் இரண்டுமே செல்லாது, ஒரே வரிக்குள் இணைக்க வேண்டும்.

கோப்பு இணைத்த கடிதங்கள் மட்டும் போகாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அளவு. மின்னஞ்சல் வழியே போகும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பருத்துவிடும். 10 எம்.பி. கோப்பு போகும்போது ஏறக்குறைய 13.7 எம்.பி. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சேர்வர் மென்பொருளில் மாற்றாமல் விட்ட வரம்பு 10,240,000 பைட். அப்படிப்பட்ட சேர்வரில் 7 எம்.பி. கோப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது, மீறினால் 552 என்று மறுக்கும். விடுதிப் படங்களை போனிலிருந்து எடுத்தபடியே ஐந்தாறு சேர்த்தால் இந்த அளவைத் தாண்டிவிடும். அகலம் 1,600 பிக்சலுக்குக் குறைத்தால் திரையில் பார்க்கப் போதும். ஸிப்புக்குள் இயங்கும் கோப்பு இருந்தால் ஜிமெயில் அளவைப் பாராமலே மறுக்கும்.

இரண்டாவது வேகம். இறக்கும் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பார்கள், கடிதம் போவது ஏற்றும் வேகத்தில். ஏற்றுவது 512 கே.பி.பி.எஸ். மட்டுமே கிடைக்கும் செப்புக் கம்பி இணைப்பில் அந்த 13.7 எம்.பி. போக மூன்றரை நிமிடம் வேண்டும். அவுட்லுக்கின் 'சேர்வர் டைம்அவுட்' வழமையாக ஒரு நிமிடம். 'அட்வான்ஸ்ட்' தாவலில் உள்ள வழுக்கியை இழுத்து 10 நிமிடம் வரை கூட்டலாம்.

மூன்றாவது பலரும் தேடாத இடம். ஒரு வரிக் கடிதம் போகிறது, நுழைவு சரியாகிறது, சற்றுப் பெரிய கடிதம் என்றால் 354க்குப் பிறகு அப்படியே உறைந்துவிடுகிறது. இது எம்.ரி.யு., அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு. சாதாரண அளவு 1500. பயனர் பெயரோடு இணையும் பி.பி.பி.ஓ.ஈ. இணைப்புகளில் 8 பைட் குறைந்து 1492. ரவுட்டர் 1500 என்றே அனுப்பிக்கொண்டிருந்தால் பெரிய பொதிகள் வழியில் விழும். கட்டளைத் திரையில் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அனுப்பும்போது துண்டாக்காதே என்ற எஃப் தெரிவோடும், எல் தெரிவில் 1464 என்ற அளவோடும் சேர்வர் ஒன்றை அழையுங்கள். அதோடு 28 சேர்ந்தால் 1492. பதில் வந்தால் ரவுட்டரில் 1492 போடலாம். துண்டாக்க வேண்டும் என்று மறுத்தால் பத்துப் பத்தாகக் குறைத்து, பதில் வரும் எண்ணோடு 28 கூட்டி அதை எழுதுங்கள்.

காரணத்தைத் தீர்த்த பிறகும் பழைய கடிதம் அவுட்பொக்ஸில் அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் உள்ளவையும் நிற்கும். அவுட்லுக்கில் 'வேர்க் ஒஃப்லைன்' அழுத்தி, அந்தக் கடிதத்தை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துவிட்டு மறுபடி ஒன்லைனுக்கு வாருங்கள். அவுட்பொக்ஸில் போகக் காத்திருக்கும் கடிதத்தின் பெயர் சாய்ந்த எழுத்தில் இருக்கும். அதை நீங்கள் திறந்து பார்த்து மூடினால் எழுத்து நிமிர்ந்துவிடும், பிறகு அது போகாது. திறந்து 'சென்ட்' அழுத்தியே ஆக வேண்டும். தண்டர்பேர்டில் அவுட்பொக்ஸே கெட்டிருந்தால், தேவையானவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, புரோகிராமை மூடி, புரொஃபைல் கோப்புறையில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' உள்ளே 'அன்சென்ட் மெசேஜஸ்' என்ற பெயரில் உள்ள இரண்டு கோப்புகளையும் அழியுங்கள். திறக்கும்போது புதிதாக உருவாகும்.

'கடிதம் அனுப்பப்பட்டது, ஆனால் சென்ட் கோப்புறையில் பிரதி வைக்க முடியவில்லை' என்று வந்தால் தயவுசெய்து மறுபடி அனுப்பாதீர்கள். அது போய்ச் சேர்ந்துவிட்டது. பிரதி வைப்பது ஐமெப்பின் வேலை, அங்கே இடம் நிறைந்திருக்கும். இதைப் புரியாமல் மூன்று தரம் அழுத்தி, ஒரே அறைக்கு மூன்று உறுதிப்படுத்தல் போனால் விருந்தாளி குழம்பிப்போவார்.

இவ்வளவும் பார்த்துத் தீராவிட்டால் ஹொஸ்டிங் அல்லது இணைப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள், போனிலிருந்தாவது. 'மெயில் போகுதில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களும் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்வார்கள். பிழை வரியை எண்ணோடு அப்படியே ஒட்டுங்கள். முயன்ற திகதியும் மணியும் நிமிடமும் இலங்கை நேரத்தில் போடுங்கள். சேர்வரின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத்தான் அவர்கள் தேடப்போகிறார்கள். அனுப்பிய முகவரி, பெற வேண்டிய முகவரி, உங்கள் இணைப்பின் வெளி ஐ.பி. இலக்கம், பாவித்த போர்ட், உறை வகை, ஹொட்ஸ்பொட்டில் போனதா இல்லையா என்பது. கடவுச்சொல்லை எழுத வேண்டாம், கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.